ஷீல்டில் யார் படம்

பொன்னாடை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதைப் போர்த்துகிற நேரத்தின் மேல்தான் கோபம். ஆண்டு விழா என்று பெயர் வைத்து, சின்னப் பெண்களை மத்தியானத்திலேயே பவுடர் பூசி, பூ வைத்து, சாமியானாவுக்குக் கீழே உட்கார வைத்துவிடுவோம். பிறகு மேடையில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள். வந்தவருக்கு ஒன்று, வந்தவரோடு வந்தவருக்கு ஒன்று, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு ஒன்று. போன வருஷம் மேடையேறி மைக் ஒயரைச் சரிசெய்ய வந்த ஆளுக்குக்கூட ஒன்று போர்த்திவிட்டார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஆசிரியை. உத்திரமேரூரில் பஸ் மாறி, ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் எங்கள் பள்ளி. பெண்கள் தொடக்கப்பள்ளி என்று பலகையில் இருக்கிறது. ஊரில் பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடம் என்றுதான் பேர். ஒரு பக்கம் தெரு, பின்பக்கம் வயல். பின்சுவர் ஒரு இடத்தில் இடிந்து கிடப்பதால், மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே யார் நிலத்தில் நடவு நடக்கிறது என்று பார்க்கலாம். வகுப்பில் பாதிப் பெண்களின் அம்மாக்கள் அந்த நடவில்தான் இருப்பார்கள். நிலம் வேறு ஆட்களுடையது. அந்த ஆட்களின் பிள்ளைகள் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

இந்த வருஷம் என் பெண்கள் நிஜமாகவே சாதித்திருந்தார்கள். கும்மியில் வட்டார அளவில் இரண்டாம் இடம். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓட்டத்தில் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு, எல்லைக்கோடு தாண்டியும் நிற்காமல் ஓடி, பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இன்னொருத்தி ஒரு நாள் விடாமல் பள்ளிக்கு வந்திருந்தாள். அதெல்லாம் ஒரு சாதனையா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். வீட்டில் கைக்குழந்தை இருக்க, நடவுக்காலத்தில் அக்காக்காரி பள்ளிக்கு வருவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அவருக்குக் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். பரிசு உண்டு என்று முடிவாயிற்று.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை, வட்டாரப் போட்டியில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி களிமண்ணில் செய்த உருவம். ஏரி மண்ணை அவளே தோண்டி, கல் பொறுக்கி, பிசைந்து கொண்டுவந்தாள். மற்ற பள்ளிப் பிள்ளைகள் பிள்ளையாரும் மயிலும் செய்தபோது இவள் வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்களைச் செய்தாள். அதில் ஒருத்தி மட்டும் தலைத்துண்டுக்குள் செல்போனைச் செருகிக் காதோடு வைத்துக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தாள். நடுவர் சிரித்துவிட்டு, இது யார் என்று கேட்டார்.

“எங்கம்மா சார். நட்டுக்கினே எங்க மாமாகூட பேசும்.”

முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அம்மாவும் நாற்றும் செல்போனும் தூளாகிவிட்டன. அந்தப் பெண் அழவில்லை. மண்ணை ஒரு பையில் அள்ளிக்கொண்டாள். என் போனில் போட்டோ இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னேன். எனக்கே அது அசட்டுத்தனமாக இருந்தது. போனில் இருப்பதை அவள் வீட்டில் எங்கே கொண்டுபோய் வைக்க முடியும்?

அதனால் ஆண்டு விழாவில் தரப்போகிற ஷீல்டுதான் அவளுக்கு எல்லாமாகிவிட்டது. வீட்டில் ஓடாத பழைய டிவி ஒன்று இருக்கிறதாம். அதன் மேலே இருந்த சீப்பு, எண்ணெய் பாட்டில், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அவள் அம்மா வேறு இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டாளாம். அம்மாவால் விழாவுக்கு வர முடியாது. நடவு மும்முரமாக இருக்கும்போது, கூட நடுகிற செட்டை விட்டு ஒருத்தி வந்துவிட்டால், மறுநாள் அவள் இடத்தில் வேறு ஆள் குனிந்துகொண்டிருப்பாள். ஆனால் நடவு நடப்பது பள்ளிக்குப் பின்னாலேயே, மதகைத் தாண்டி.

“மைக்ல எம்பேரு சொன்னா எங்கம்மாவுக்கு நல்லா கேக்கும் டீச்சர்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “அந்த ஷீல்ட வூட்டுக்கு எத்துக்கினு போலாமா? இல்ல இங்கியே வெச்சிடுவீங்களா?”

“உன்னோடதுடி. வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் உங்கம்மா கையில குடு,” என்றேன்.

விழாச் செலவை ஏற்றுக்கொண்டவர் மனை போட்டு விற்கிற ஒரு பெரிய மனிதர். ஏரிக்கு அந்தப் பக்கம் கொடி நட்டுக் கல் பதித்திருக்கிற நிலமெல்லாம் அவருடையது. சாமியானா, மைக், ஃபிளெக்ஸ், ஷீல்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஃபிளெக்ஸைக் கட்டியபோதே எனக்குச் சுருக்கென்றது. கைகூப்பி நிற்கும் அவர் படம் ஆளுயரத்துக்கு மேல். அவருடைய மைத்துனர், மகன், மகனின் நண்பர்கள் எல்லோரும் ஓரங்களில். கீழே ஒரு மூலையில், ஆதார் அட்டையில் இருப்பதைவிடச் சிறியதாக, சாதித்த பெண்களின் முகங்கள். கும்மிப் பெண்கள் எல்லோரையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்திருந்தார்கள். ஒருத்தியின் அப்பா நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் தேடிவிட்டுப் போனார்.

எங்கள் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷி, ஆனால் பயந்த சுபாவம். ஒன்றும் பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார். பெண்களின் கழிப்பறைக்குக் கதவு போட்டுத் தருவதாக அந்தப் பெரிய மனிதர் வாக்குக் கொடுத்திருக்கிறார். தகரக் கதவு துருப்பிடித்து விழுந்து எத்தனையோ மாதம் ஆகிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மனு போட்டுப் போட்டுத் தலைமை ஆசிரியையின் கை ஓய்ந்துவிட்டது. ஒரு கதவுக்காக ஒரு பள்ளிக்கூடமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

விழா அன்று மத்தியானமே பிள்ளைகள் தயாராகிவிட்டார்கள். பெரிய மனிதர் வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வந்த கையோடு பொன்னாடைப் படலம் தொடங்கியது. பிறகு பேச்சு. எங்கள் பக்கத்தில் மைக் பிடிக்கிற எவரும் கல்வெட்டையும் குடவோலையையும் சொல்லாமல் வாயைத் திறப்பதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த மண் இது என்று ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். முன்வரிசையில் இருந்த இரண்டாம் வகுப்புப் பெண் அடுத்த வரியைத் தானே முணுமுணுத்தாள். அவளுக்குத் தாகமா, சிறுநீர் வருகிறதா என்று கேட்க அந்த மண்ணில் ஆள் இல்லை. நான்தான் இரண்டிரண்டு பேராக எழுப்பி, பாவாடை பிடிக்கத் துணையோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். களிமண்காரி மட்டும் எழவே மாட்டேன் என்றாள். போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். அடிக்கடி பின்பக்கம் திரும்பி மதகைப் பார்த்துக்கொண்டாள். நடவு ஆட்கள் கரையேறிவிடுவார்களோ என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஒருவழியாகப் பரிசளிப்பு என்று அறிவித்தார்கள். அப்போது தலைமை ஆசிரியை என் காதருகே வந்தார். மேடையின் பின்படிக்கட்டில் நின்றுகொள்ள வேண்டும், பிள்ளைகள் பரிசு வாங்கிப் போட்டோ எடுத்து இறங்கியதும் ஷீல்டை வாங்கி மறுபடி முன்மேஜைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மொத்தம் மூன்று ஷீல்டுதான் இருக்கிறதாம். அதையே மாற்றி மாற்றிக் கொடுக்கப் போகிறார்களாம். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அப்புறம் தருவோம் என்று சொல்லச் சொன்னார். எப்போது என்று கேட்பதற்குள் மேடைக்குப் போய்விட்டார்.

பின்படியில் ஒரு அட்டைப் பெட்டியோடு பெரிய மனிதரின் டிரைவர் நின்றிருந்தார். ஷீல்டு ஒன்றை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு, நடுவில் கைகூப்பிய அதே படம், கீழே ‘சாதனை மாணவிக்கு அன்புப் பரிசு’ என்று எழுத்து. பள்ளியின் பெயர் இல்லை. என்ன பரிசு என்றும் இல்லை. அவசரத்தில் அச்சடித்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரைவர் தானாகவே சொன்னார்.

“பாத்து வாங்குங்க மேடம், கீறல் வுழுந்தா ஐயா கத்துவாரு. அடுத்த வாரம் வேற ஊர்ல பங்சன் கீது. அங்கயும் இதுதான்.”

ஊர் ஊராகப் பரிசு கொடுக்க மூன்றே மூன்று ஷீல்டு. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வருகிற கார் மாதிரி, ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணை ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் பள்ளியின் பெயரைப் போடவில்லை. அப்புறம் தருவோம் என்ற பேச்சும் பொய். டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் சொன்னதைச் செய்கிறவர்.

சின்ன வகுப்புகளை முதலில் கூப்பிட்டார்கள். முதலில் இறங்கி வந்தது அந்த இரண்டாம் வகுப்புப் பெண். முகமெல்லாம் பல். நான் கையை நீட்டுவதற்கு முன்பே டிரைவர் நீட்டினார். அவளும் மிச்சச் சாக்பீஸைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஷீல்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அழவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பரிசு என்றால் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். அதுதான் என்னை உண்மையில் கொளுத்திவிட்டது. ஏமாற்றப்பட்டவள் அழுதால் சமாதானப்படுத்தலாம். ஏமாற்றப்பட்டதே தெரியாமல் சிரித்துக்கொண்டு போகிற குழந்தையை என்ன செய்வது? அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அதற்கும் பின்னால் இன்னொருத்தி. ஷீல்டுகள் பின்படியிலிருந்து முன்மேஜைக்குப் போய்க்கொண்டே இருந்தன.

பிறகு களிமண்காரியின் பெயர் மைக்கில் வந்தது. வட்டார அளவில் முதலிடம் என்றும் சொன்னார்கள். மதகுப் பக்கமிருந்து ஏதோ சத்தம் கேட்டது. என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை. பல பெண்கள் சேர்ந்து போட்ட சத்தம். மேடையில் நின்ற அவளுக்கும் அது கேட்டிருக்கிறது. போட்டோக்காரர் கேமராவைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்ததும் டிரைவர் கையை நீட்டினார். அவள் ஷீல்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்கதான சொன்னீங்க டீச்சர்.”

“ஆமாம், நான்தான் சொன்னேன். ஓடு,” என்றேன்.

டிரைவர் மேடம் மேடம் என்றார். நான் படிக்கட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். என் உடம்பு சுமாராக இருந்தாலும் படிக்கட்டை அடைக்கப் போதும். அவள் இடிந்த சுவரைத் தாண்டி, வரப்பில் இறங்கி ஓடினாள். அடுத்து ஓட்டக்காரி இறங்கினாள். அவளிடம் ஓடச் சொல்ல வேண்டியதே இல்லை. அதற்கடுத்து நாள் தவறாமல் பள்ளிக்கு வந்தவள். இதுவும் உன்னுடையது, தம்பிக்குக் காட்டு என்று அனுப்பிவிட்டேன். டிரைவர் காலிப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐயா அவரை வேலையை விட்டே தூக்கிவிடுவார் என்றார். டீச்சர் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள் என்று என்னைக் காட்டச் சொன்னேன்.

மேடையில் கும்மிப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் வரிசையாக ஏறி நின்றார்கள். மேஜையில் ஷீல்டு இல்லை. தலைமை ஆசிரியை மேஜை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பெரிய மனிதர் கையைப் பாதி நீட்டியபடி நின்றார். கூட்டத்தில் சலசலப்பு. நான் படியேறிப் போய் மைக்கை வாங்கினேன். முன்கூட்டி யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். விருந்தினர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் பொன்னாடைகள் மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசியது.

இத்தனை நேரம் பெரியவர்களுக்குப் போர்த்திய பொன்னாடைகளை அந்தப் பெரியவர்களே இனிச் சாதித்த பெண்களுக்குப் போர்த்தி கௌரவிப்பார்கள் என்றேன். சின்ன வகுப்பில் பரிசு வாங்கியவர்களும் மறுபடி மேடைக்கு வர வேண்டும் என்றேன். எல்லோரும் கை தட்டுங்கள் என்றும் சொன்னேன். வெளியே நின்றிருந்த அப்பாக்கள் தட்டிய தட்டில் சாமியானாவே ஆடியது. கேமரா வேறு எதிரே நிற்கிறது. பெரிய மனிதர் என்ன செய்வார்? குனிந்து எடுத்துப் போர்த்தினார். சிரித்துக்கொண்டேதான் போர்த்தினார், அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும்தான் புரிந்தது. பொன்னாடை அந்தப் பிள்ளைகளுக்குக் கணுக்கால் வரைக்கும் வந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் அதில் முழுதாக மூழ்கி, மூக்கு மட்டும் வெளியே தெரிய நின்றாள். இதைத் திருப்பிக் கொடுக்கணுமா என்று என்னைத்தான் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். அழுதிருந்தார் என்று தெரிந்தது. நான் கோபப்பட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவேன், அந்த மனிதரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவர் அவர்தான் என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. ராத்திரியே போன் வந்ததாம். ஷீல்டுகள் திரும்பி வராவிட்டால் கதவும் வராது என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று வீட்டுக்கும் போய் நான்தான் கேட்டு வாங்கி வர வேண்டும், கொடுத்தவளே போய் வாங்கட்டும் என்றார். கதவு என்றதும் நானும் சரி என்றுவிட்டேன். பாவாடை பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களும் என் பெண்கள்தானே.

சாயங்காலம் பள்ளி விட்டதும் களிமண்காரியின் வீட்டுக்கு முதலில் போனேன். அவள் அம்மா அப்போதுதான் நடவிலிருந்து வந்து, வாசலில் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். காதோரம் செல்போன் செருகிய துண்டு இன்னும் தலையில் இருந்தது. களிமண்ணில் பார்த்த ஆள் அப்படியே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த காரியம் நினைவுக்கு வந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஷீல்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

“ஏன் டீச்சர், திருப்பிக் கேக்கறாங்களா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் டிவி மேலிருந்து எடுத்து வந்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து என்னிடம் நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கிற உடம்பு அப்படியே இருந்தது. தலை இருந்த இடத்தில் என் மாணவி இருந்தாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. இரட்டைப் பின்னல், இறுக்கமாக மூடிய வாய். சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பருக்கை காய்ந்து நின்றது.

“நேத்து இவ கொண்டாந்ததும் எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, பரிசு வாங்குனது நம்ம பொண்ணா, இந்த ஆளான்னு கேட்டாரு,” என்றாள் அந்த அம்மா. “எனக்கும் அதான் தோணுச்சு. மண்ணுல செஞ்சது இவ. அப்புறம் அந்த ஆளு மூஞ்சி இன்னாத்துக்கு? அதான் ஒட்டிட்டேன். தப்பா டீச்சர்?”

தப்பே இல்லை என்றேன். அந்தப் பெண் கதவருகே நின்று, ஷீல்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே உள்ளே போய், அதைப் பழையபடி டிவி மேலே, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்தேன். மற்ற இரண்டு வீட்டுக்கு நான் போகவில்லை. கழிப்பறைக்கு இன்னும் கதவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கிராம சபையில் அந்த அப்பாக்களையும் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது என்று இருக்கிறோம். ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த மண்தானே.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் கைகள் காலியாக இருப்பதைப் பார்த்தார். ஷீல்டு என்னாயிற்று என்று கேட்டார்.

“போய்ப் பார்த்தேன் மேடம்,” என்றேன். “அவர் படம் போட்ட ஷீல்டு எதுவும் அந்த வீட்டில் இல்லை.”